வலைச் செயலிகளில் பின்னணிப் பணி வரிசை: தோற்றமும் வளர்ச்சியும்

பின்னணிப் பணி வரிசை என்பது, ஒரு வலைச் செயலி பயனருக்கு உடனே விடையளித்துவிட்டு, நேரம் பிடிக்கும் வேலைகளைப் பிறகு செய்வதற்காகக் குறித்து வைக்கும் ஏற்பாடாகும். மின்னஞ்சல் அனுப்புதல், பதிவேற்றிய படத்தைப் பல அளவுகளுக்கு மாற்றுதல், மாத அறிக்கை தயாரித்தல், தேடல் அட்டவணையைப் புதுப்பித்தல் போன்றவை பொதுவாக இவ்வாறு குறித்து வைக்கப்படுகின்றன. மின்வணிகத் தளம் முதல் கலைக்களஞ்சியம் வரை, ஓரளவு பெரிய வலைத்தளம் எதுவும் இன்று இத்தகைய வரிசை இல்லாமல் இயங்குவது அரிது.

இந்த ஏற்பாட்டில் மூன்று உறுப்புகள் உண்டு. வேலையைக் குறித்து வரிசையில் சேர்ப்பது வலைச் செயலி. குறிப்புகளைக் காத்து வைப்பது வரிசை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்து முடிப்பது பணியாள் எனப்படும் தனி நிரல். இதைத் தையற்கடையோடு ஒப்பிடலாம். முன்பக்கம் நிற்பவர் துணியை வாங்கிக்கொண்டு, அளவைக் குறித்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைக்கிறார். தைப்பவர் உள்ளே இருக்கிறார். சட்டை தைத்து முடியும் வரை வாடிக்கையாளர் காத்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் சீட்டு கைமாறிய நொடியிலிருந்து துணிக்குக் கடையே பொறுப்பு.

பணி வரிசைகளின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அந்த வரலாற்றின் ஊடே இன்னொரு கேள்வியும் தொடர்ந்து வருகிறது. “உங்கள் வேண்டுகோள் பெறப்பட்டது” என்று திரையில் காட்டிய பிறகு, அந்த வேலை தொலையாமலும், இருமுறை நடக்காமலும், உரிய நேரத்துக்கு முன்பே நடந்துவிடாமலும் காப்பது எப்படி என்பதே அக்கேள்வி. வரிசைகளை வடிவமைத்தவர்கள் வெவ்வேறு காலங்களில் இதற்கு வெவ்வேறு விடைகளைக் கண்டனர்.

காத்திருத்தலின் கணிதம்

வரிசைகளைப் பற்றிய கணிதம் கணினிக்கு முந்தையது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் கிராரப் எர்லாங் (1878–1929) கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியவர். எத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை பேர் காத்திருக்க நேரிடும் என்பது அந்நிறுவனத்தின் அன்றாடக் கேள்வி. அழைப்புகள் தற்செயலாக வந்தாலும் அவற்றின் வரத்து நிகழ்தகவு விதி ஒன்றுக்கு உட்பட்டது என்பதை 1909இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் காட்டினார். 1917இல் காத்திருக்கும் நேரத்தையும் கிடைக்காமல் போகும் அழைப்புகளையும் கணக்கிடும் வாய்பாடுகளை வெளியிட்டார். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயரால் எர்லாங் என்றே வழங்குகிறது.

1961இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் ஓர் எளிய உறவை நிறுவினார். நிலையாக இயங்கும் ஓர் அமைப்பில் இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை, வரத்து வீதத்தையும் ஒருவர் உள்ளே செலவிடும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம். நிமிடத்துக்கு 30 பணிகள் வந்து, ஒவ்வொன்றும் வரிசையில் நின்று முடிய 2 நிமிடம் ஆகுமானால், எந்த நேரத்திலும் சராசரியாக 60 பணிகள் அமைப்பில் இருக்கும்.

இக்கணிதம் தரும் எச்சரிக்கை எளியது. நிமிடத்துக்கு 100 பணிகளை முடிக்கக்கூடிய இடத்தில் 120 பணிகள் வந்தால், ஒரு மணி நேரத்தில் 1,200 பணிகள் தேங்கும். பிறகு வரத்து 80 ஆகக் குறைந்தாலும் அத்தேக்கம் கரைய இன்னொரு மணி நேரம் ஆகும். தீபாவளிக்கு முந்தைய வாரம் தையற்கடையில் நடப்பதும் இதுதான். சீட்டை எவ்வளவு விரைவாகக் கிழித்துக் கொடுத்தாலும் உள்ளே தைக்கும் கைகள் அதனால் கூடுவதில்லை.

துளை அட்டைகளின் காலம்

1950களின் கணினிகள் விலை மிகுந்தவை. துளை அட்டைகளைப் படிக்கும் கருவியும் அச்சுப்பொறியும் கணினியோடு ஒப்பிட மிக மெதுவானவை. அவற்றுக்காகக் கணினி சும்மா காத்திருப்பது பெரும் வீண்செலவாக இருந்தது. எனவே பல பணிகளைத் தொகுத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தானே இயக்கும் முறை உருவானது. ஜெனரல் மோட்டார்ஸ், நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் ஆகிய நிறுவனங்கள் ஐ.பி.எம். 704 கணினிக்காக 1956இல் உருவாக்கிய அமைப்பு இவ்வகையில் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

அடுத்து, மெதுவான வேலைகள் சிறிய கணினிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. ஐ.பி.எம். 1401 போன்ற சிறிய கணினி அட்டைகளைப் படித்துக் காந்த நாடாவில் பதியும். 7090 போன்ற பெரிய கணினி நாடாவிலிருந்து பணிகளை விரைவாகப் படித்துச் செய்யும். விளைவுகள் மீண்டும் நாடாவுக்கே போய், அங்கிருந்து அச்சுக்குச் செல்லும். பின்னர் இவ்வேலையை வட்டு நினைவகத்தின் துணையோடு ஒரே கணினி செய்யத் தொடங்கியது. ஸ்பூலிங் என்று அழைக்கப்பட்ட இம்முறையின் தடம் இன்னும் அழியவில்லை. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் அச்சுப் பணிகளும் மின்னஞ்சல்களும் காத்திருக்கும் கோப்புறைக்கு இன்றும் ஸ்பூல் என்றே பெயர்.

இரு நிரல்கள் ஒரே வரிசையைத் தொடும்போது எழும் சிக்கலை நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965இல் ஆராய்ந்தார். ஒரு நிரல் பணிகளை ஆக்கி இடுகிறது; இன்னொன்று எடுத்து முடிக்கிறது. இடம் நிறைந்தால் முதலாவது காத்திருக்க வேண்டும். வரிசை காலியானால் இரண்டாவது காத்திருக்க வேண்டும். ஒரே பணியை இருவர் எடுத்துவிடக் கூடாது. இவற்றுக்கு அவர் செமஃபோர் என்னும் கருவியால் தீர்வு கண்டார். இன்றைய பணி வரிசைகள் அனைத்தின் அடியிலும் இந்த ஆக்குபவர்–நுகர்பவர் சிக்கலே இருக்கிறது.

மின்னஞ்சல் வகுத்த விதி

வரிசையில் சேர்ப்பது ஒரு பொறுப்பேற்பு என்பதைத் தெளிவாக வரையறுத்தது மின்னஞ்சல் துறை. மின்னஞ்சல் பரிமாற்ற நெறிமுறை 1982இல் வெளியானது. அனுப்பும் கணினி கடிதத்தைக் கொடுத்து முடித்ததும், பெறும் கணினி 250 என்ற எண்ணை விடையாகத் தரும். ஏற்றுக்கொண்டேன் என்பது அதன் பொருள். அந்த எண்ணைச் சொன்ன பிறகு கடிதத்தைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு பெற்ற கணினியுடையது. கணினி முடக்கம் போன்ற காரணங்களால் கடிதத்தைத் தொலைத்துவிடக் கூடாது என்று 1989இல் வெளியான இணையத் தரநிலை ஆவணம் வலியுறுத்தியது.

இதன் நடைமுறைப் பொருள் எளிது. கடிதம் வட்டில் பாதுகாப்பாக எழுதப்பட்ட பின்னரே 250 என்று சொல்ல வேண்டும். எரிக் ஆல்மன் 1980களின் தொடக்கத்தில் பெர்க்லியில் உருவாக்கிய செண்ட்மெயில் முதலிய மென்பொருள்கள் கடிதங்களை வட்டில் வரிசைப்படுத்தி வைத்து, சேர்ப்பிக்க முடியாதபோது மீண்டும் மீண்டும் முயன்றன. நான்கைந்து நாட்கள் முயன்றும் முடியாவிட்டால் அனுப்பியவருக்கே செய்தி திரும்பியது. முதலில் பதிந்துவிட்டுப் பிறகே ஒப்புக்கொள்வது, தோற்றால் மீண்டும் முயல்வது, முற்றிலும் முடியாதபோது உரியவருக்குத் தெரிவிப்பது ஆகிய மூன்று கடமைகளும் இங்கேயே முழு வடிவம் பெற்றுவிட்டன. வலைச் செயலிகள் இவற்றைப் பிற்பாடு ஒவ்வொன்றாக மீண்டும் கற்க வேண்டியிருந்தது.

வலையின் முதல் ஆண்டுகள்

1993இல் சி.ஜி.ஐ. என்னும் இடைமுகம் வந்தபோது, வலைப்பக்கத்தைக் கேட்கும் ஒவ்வொருவருக்காகவும் வழங்கியில் ஒரு நிரல் இயங்கத் தொடங்கியது. நிரல் முடியும் வரை பயனர் காத்திருப்பார். சிறிய வேலைக்கு இது போதும். ஆயிரம் பேருக்கு மின்னஞ்சல் அனுப்பும் வேலையைப் பக்கத்தைக் காட்டும் நிரலே செய்தால் நிலைமை வேறு. பி.எச்.பி. மொழியில் ஒரு நிரல் இயங்குவதற்கான இயல்பு வரம்பு 30 நொடிகள். அதைத் தாண்டினால் வேலை பாதியில் நின்றுவிடும். யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை என்பது தெரியாது. பொறுமையிழந்த பயனர் பொத்தானை மீண்டும் அழுத்தினால் சிலருக்கு இரண்டு கடிதங்கள் போகும்.

பலர் கண்ட முதல் தீர்வு, தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை. செய்ய வேண்டியதை அதில் ஒரு பதிவாக எழுதிவிட்டுப் பக்கத்தைக் காட்டிவிடுவார்கள். 1970கள் முதல் யூனிக்ஸில் இருந்துவரும் கிரான் என்னும் நேரங்காட்டி நிரல் நிமிடத்துக்கொருமுறை ஒரு நிரலை எழுப்பும். அது அட்டவணையைப் படித்து வேலைகளை முடிக்கும்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளும் இவ்வழியே சென்றது. 2003 முதல் இயங்கிவரும் தமிழ் விக்கிப்பீடியாவும் அதே மென்பொருளில்தான் இயங்குகிறது. ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் இடம்பெறும் ஒரு வார்ப்புருவை ஒருவர் திருத்தினால், அத்தனை பக்கங்களின் இணைப்புப் பட்டியல்களையும் புதுப்பிக்க வேண்டும். அது முடியும் வரை தொகுப்பாளரைக் காக்க வைக்க இயலாது. எனவே 2006இல் வெளியான 1.6ஆம் பதிப்பில், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பணியைத் தரவுத்தள அட்டவணையில் சேர்க்கும் முறை புகுத்தப்பட்டது. தனிப் பணியாள் நிரல் இல்லாத சிறு தளங்களில், வாசகர் ஒருவர் பக்கம் கேட்கும் வேளையில் வரிசையிலிருந்து ஒரு பணியும் செய்து முடிக்கப்படும். வார்ப்புருவில் பகுப்பை மாற்றிய பின் பகுப்புப் பக்கத்தில் மாற்றம் சற்றுத் தாமதமாகத் தெரிவதற்கு இந்த வரிசையே காரணம். விக்கிமீடியா தளங்களின் வரிசை பின்னர் ரெடிஸுக்கும், அதன்பின் காஃப்காவுக்கும் மாற்றப்பட்டது.

ஒரே குழுவின் இரு கருவிகள்

லைவ்ஜர்னல் என்னும் நாட்குறிப்புத் தளத்தை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் அவருடைய குழுவினரும் 2000களின் நடுப்பகுதியில் இரண்டு வரிசைக் கருவிகளை வெளியிட்டனர். முதலாவது கியர்மேன். மேலாளர் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றி அமைத்த பெயர் அது. மேலாளர் வேலையைப் பகிர்ந்தளிப்பாரேயன்றித் தாம் செய்ய மாட்டார் என்ற நகைச்சுவை அதில் உண்டு. கியர்மேன் விரைவானது, தொடக்கத்தில் பணிகளை நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. அந்த வழங்கி நின்றுபோனால் பணிகளும் போய்விடும். இரண்டாவது கருவியான தி ஷ்வார்ட்ஸ் பணிகளைத் தரவுத்தளத்தில் பதிந்தது. அது மெதுவானது, ஆனால் பணியைத் தொலைக்காது.

ஒரே குழு இரண்டையும் வைத்திருந்தது குறிப்பிடத்தக்கது. படத்தைச் சுருக்கும் பணி தொலைந்தால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம். அனுப்ப வேண்டிய அறிவிப்பு தொலைந்தால் அதைக் கேட்க வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது. எல்லாப் பணிகளுக்கும் ஒரே அளவு காப்பு தேவையில்லை என்னும் உண்மையை இவ்விரு கருவிகளும் எடுத்துக்காட்டின.

இதே காலத்தில் வேறு முயற்சிகளும் நடந்தன. அமேசான் நிறுவனத்தின் வரிசைச் சேவையான எஸ்.கியூ.எஸ். 2004இல் சோதனை வடிவிலும் 2006இல் முழுமையாகவும் வெளிவந்தது. அதில் ஒரு பணியை எடுத்தால் அது அழிவதில்லை. குறித்த நேரத்துக்குப் பிறர் கண்ணில் படாமல் மறைக்கப்படுகிறது. வேலை முடிந்தது என்று பணியாள் சொல்லி நீக்காவிட்டால் மீண்டும் வெளிப்படும். டுவிட்டரில் பிளேன் குக் ஸ்டார்லிங் என்ற வரிசையை எழுதினார். காசஸ் என்னும் ஃபேஸ்புக் செயலிக்காக கீத் ராரிக் பீன்ஸ்டாக்டியை உருவாக்கினார். ரெயில்ஸ் என்னும் வலைச் சட்டகத்தைப் பயன்படுத்திய ஷாப்பிஃபை நிறுவனத்தின் டோபியாஸ் லூட்கே, அங்கு பயன்பட்ட தரவுத்தள வரிசையை 2008இல் டிலேய்ட் ஜாப் என்ற பெயரில் பொதுவெளிக்குத் தந்தார்.

ரெடிஸ் காலம்

தரவுத்தள அட்டவணையை வரிசையாகப் பயன்படுத்துவதில் ஓர் இடர் இருந்தது. பல பணியாட்கள் ஒரே நேரத்தில் அடுத்த பணி எது என்று கேட்கும்போது, ஒரே பதிவைப் பூட்ட அனைவரும் போட்டியிடுவர். பணிகள் குவியக் குவிய, அடுத்ததைத் தேடி எடுப்பதே பெருஞ்சுமையாகிவிடும். வரிசை மிகவும் தேவைப்படும் நெரிசல் நேரத்தில்தான் அது மிகவும் தளர்ந்துபோகும்.

2009இல் இத்தாலியின் சால்வத்தோரே சன்ஃபிலிப்போ ரெடிஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டார். இது தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் தளம். பட்டியலின் ஒரு முனையில் சேர்ப்பதும் மறுமுனையில் எடுப்பதும் அதில் ஒற்றைக் கட்டளைகள். பட்டியல் எவ்வளவு நீளமானாலும் அவற்றுக்கு ஆகும் நேரம் கூடாது. அதே ஆண்டு நவம்பரில் கிட்ஹப் நிறுவனத்தின் கிறிஸ் வான்ஸ்ட்ராத் ரெடிஸின் மீது அமைந்த ரெஸ்கியூ என்னும் பணி வரிசையை அறிவித்தார். எஸ்.கியூ.எஸ்., ஸ்டார்லிங், டிலேய்ட் ஜாப், பீன்ஸ்டாக்டி உள்ளிட்ட பலவற்றைப் பயன்படுத்திப் பார்த்த பிறகே அந்நிறுவனம் தனக்கென ஒன்றை எழுதியது. ரெஸ்கியூ ஒவ்வொரு பணிக்கும் ஒரு தனிச் செயல்முறையைப் பிரித்து உருவாக்கியது. ஒரு பணி நினைவகத்தை விழுங்கினாலும் முடங்கினாலும் அதன் தாய்ச் செயல்முறை பிழைத்துக்கொள்ளும். வரிசையின் நிலையைக் காட்டும் வலைப்பக்கமும் அதில் இருந்தது.

2012இல் மைக் பெர்ஹாம் வெளியிட்ட சைட்கிக், ஒரே செயல்முறைக்குள் பல இழைகளை இயக்கி, குறைந்த நினைவகத்தில் அதிகப் பணிகளை முடித்தது. தோற்ற பணியை இடைவெளியைக் கூட்டிக்கொண்டே 25 முறை, ஏறத்தாழ மூன்று வாரங்கள் வரை அது மீண்டும் முயலும். அதன் பிறகும் தோற்றால், மனிதர் பார்த்து முடிவெடுப்பதற்காகத் தனியே ஒதுக்கி வைக்கும். பைத்தான் மொழிக்கு ஆஸ்க் சோலெம் 2009இல் தொடங்கிய செலரி இதே இடத்தைப் பிடித்தது.

செலரியோடு பெரிதும் பயன்பட்ட ராபிட்எம்க்யூ 2007இல் வெளிவந்தது. பணியாள் வேலையை முடித்து ஒப்புகை தரும் வரை பணியை அது விடுவிப்பதில்லை. இணைப்பு அறுந்தால் பணியை மீண்டும் வரிசையில் சேர்க்கும். அது எழுதப்பட்ட மொழியின் பெயர் எர்லாங். 1980களில் எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கப்பட்ட அம்மொழிக்குக் கோப்பன்ஹேகன் கணித அறிஞரின் பெயரே சூட்டப்பட்டது.

சேர்க்கும் கணத்தின் சிக்கல்

வேகம் கிடைத்ததும் பழைய கேள்வி புது வடிவில் திரும்பியது. இப்போது வலைச் செயலியின் தரவு ஓரிடத்திலும், பணி வரிசை வேறிடத்திலும் இருந்தன. இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத வழியில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு மாணவர் வலைத்தளத்தில் தேர்வுக் கட்டணம் செலுத்துகிறார். கட்டணப் பதிவு தரவுத்தளத்தில் எழுதப்பட வேண்டும். ரசீதை மின்னஞ்சலில் அனுப்பும் பணி வரிசையில் சேர வேண்டும். தரவுத்தளத்தில் எழுதுவது பரிவர்த்தனை என்னும் உறைக்குள் நடக்கிறது. உறை மூடி உறுதி செய்யப்படும் வரை வெளியார் எவருக்கும் அப்பதிவு தெரியாது.

உறுதி செய்வதற்கு முன்பே பணியை ரெடிஸில் சேர்த்தால் இரண்டு தீங்குகள் நேரலாம். பணியாள் மிக விரைவாக இருந்தால், பதிவு வெளித்தெரிவதற்குள் அதைத் தேடிப்போய், அப்படி ஒரு பதிவே இல்லை என்று பிழை காட்டும். சைட்கிக் பயன்படுத்துவோரிடம் அடிக்கடி எழுந்த ஐயங்களில் இதுவும் ஒன்று. மற்றொன்று இன்னும் மோசமானது. பரிவர்த்தனை கடைசி நேரத்தில் கைவிடப்பட்டாலும் பணி வரிசையில் நிற்கும். நடக்காத கட்டணத்துக்கு ரசீது போய்விடலாம்.

உறுதி செய்த பிறகு சேர்த்தால், இடைப்பட்ட நொடியில் வழங்கி நின்றுபோகலாம். கட்டணம் பதிவாகியிருக்கும், ரசீதுக்கான பணி எங்கும் இருக்காது. அது தோற்ற பணிகளின் பட்டியலிலும் வராது. சேர்க்கப்படாத பணிக்குப் பிழைக்குறிப்பு கிடையாது. ரசீது வராத மாணவர் கட்டணம் போகவில்லை என்றெண்ணி மறுபடி செலுத்துவார்.

மேலும், ரெடிஸ் நினைவகத்தில் இயங்குவதால் வட்டில் பதிவது இடைவெளி விட்டே நடக்கிறது. திடீர் மின்தடையில் கடைசியாகச் சேர்ந்த பணிகள் மறையலாம். எளிய அமைப்புகளில் பணியாள் எடுத்தவுடனே பணி பட்டியலிலிருந்து நீங்கிவிடுவதால், அது பாதியில் இறந்தால் பணியும் இறக்கும்.

இவற்றுக்கு எதிராக நிரலாளர்களிடையே சில நெறிகள் உருவாயின. முதலாவது, பணிக்குறிப்பு சிறியதாக இருத்தல். மாணவரின் முழு விவரத்தையும் வரிசையில் வைக்காமல், பதிவெண்ணை மட்டும் வைக்க வேண்டும். பணி நடக்கும்போது விவரம் மாறியிருந்தால் புதிய விவரமே எடுக்கப்படும். இரண்டாவது, எத்தனை முறை நடந்தாலும் விளைவு ஒன்றாக இருத்தல். “கணக்கில் 500 ரூபாய் சேர்” என்ற பணி இருமுறை நடந்தால் 1,000 ரூபாய் சேரும். “இந்த ரசீது எண்ணுக்குரிய 500 ரூபாய் இன்னும் சேராவிட்டால் சேர்” என்ற பணி எத்தனை முறை நடந்தாலும் 500தான் சேரும். மூன்றாவது, அவசரத்துக்கேற்பத் தனித்தனி வரிசைகள். கடவுச்சொல்லை மாற்றக் கேட்டவரின் கடிதம், ஒரு லட்சம் பேருக்கான செய்திமடலின் பின்னால் நிற்கக் கூடாது.

சட்டகங்களும் உதவிக்கு வந்தன. பரிவர்த்தனை உறுதியான பின்னரே ஒரு செயலை நடத்தும் வசதியை ஜாங்கோ 2015இல் வெளியான 1.9ஆம் பதிப்பில் சேர்த்துக்கொண்டது. ரெயில்ஸ், பலவகை வரிசைகளுக்கும் பொதுவான ஆக்டிவ் ஜாப் என்னும் இடைமுகத்தை 2014 டிசம்பரில் 4.2ஆம் பதிப்பில் தந்தது. பரிவர்த்தனை முடியும் வரை பணி சேர்ப்பதைத் தள்ளிவைக்கும் வசதி 2024இல் வெளியான 7.2ஆம் பதிப்பில் வந்தது. இவை முந்திக்கொள்ளும் தீங்கைத் தவிர்க்கின்றன. இடைநொடியில் தொலையும் தீங்கை இவற்றால் முற்றிலும் நீக்க இயலாது.

மீண்டும் தரவுத்தளத்துக்கு

இதற்கான விடையை வலைச் செயலிகளின் தொடக்க நாட்களிலேயே ஒருவர் எழுதியிருந்தார். பரிவர்த்தனை முறைகளின் முன்னோடியும் 1998ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றவருமான ஜிம் கிரே, வரிசைகளும் தரவுத்தளங்களே என்று வாதிடும் குறுங்கட்டுரையை 1995இல் எழுதினார். வரிசைக்கும் பாதுகாப்பு, மீட்பு, ஒரே நேர அணுக்கம் அனைத்தும் தேவை. அவை தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன என்பது அவர் கருத்து. கட்டணப் பதிவும் பணிக்குறிப்பும் ஒரே தரவுத்தளத்தில், ஒரே பரிவர்த்தனையில் எழுதப்பட்டால், ஒன்று இரண்டும் இருக்கும், இல்லையேல் இரண்டும் இராது.

தடையாக இருந்தது பூட்டுக்கான போட்டி மட்டுமே. 2016 சனவரியில் வெளியான போஸ்ட்கிரெஸ்கியூஎல் 9.5, பிறர் பூட்டிய பதிவுகளுக்காகக் காத்திராமல் அவற்றைத் தாண்டி அடுத்ததை எடுக்கும் வசதியைத் தந்தது. 2018இல் மைஎஸ்கியூஎல் 8.0இலும் அது வந்தது. பத்துப் பணியாட்கள் ஒரே நேரத்தில் கேட்டாலும் ஆளுக்கொரு பணி தாமதமின்றிக் கிடைக்கும். இவ்வசதியைக் கொண்டு தரவுத்தள வரிசைகள் மீண்டும் பெருகின. ரெஸ்கியூவைப் பயன்படுத்தி வந்த 37சிக்னல்ஸ் நிறுவனம் 2023 டிசம்பரில் சாலிட் கியூ என்பதை வெளியிட்டது. 2024 நவம்பரில் வந்த ரெயில்ஸ் 8.0 அதையே இயல்பான பணி வரிசையாக ஏற்றது.

ஆயினும் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ரெயில்ஸ் 8.0 உருவாக்கும் இயல்பான அமைப்பில் வரிசைக்குத் தனித் தரவுத்தளம் ஒதுக்கப்படுகிறது. அவ்வாறு பிரித்து வைத்தால் ஒரே பரிவர்த்தனை என்ற காப்பு கிடைக்காது. அது தேவையெனில் வரிசையைச் செயலியின் தரவுத்தளத்திலேயே வைக்க வேண்டும்.

வரிசையை வேறிடத்தில்தான் வைக்க வேண்டும் என்னும் பெரிய தளங்கள் அனுப்புப் பெட்டி என்னும் முறையைக் கையாள்கின்றன. பணிக்குறிப்பு முதலில் செயலியின் தரவுத்தளத்திலேயே, அதே பரிவர்த்தனையில் எழுதப்படும். தனி நிரல் ஒன்று அங்கிருந்து எடுத்து வெளி வரிசையில் சேர்க்கும். அந்நிரல் இடையில் நின்று மீண்டும் தொடங்கினால் ஒரு பணியை இருமுறை சேர்க்கலாம், தொலைக்காது. இருமுறை நடந்தாலும் கேடில்லாதபடி பணியை எழுதியிருந்தால் போதும்.

இன்றைய நிலை

ரெடிஸும் சைட்கிக்கும் செலரியும் ராபிட்எம்க்யூவும் தரவுத்தள வரிசைகளும் இன்று அருகருகே பயன்பாட்டில் உள்ளன. இவற்றுள் எது சிறந்தது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. ஒரு பணி தொலைந்தால் என்ன ஆகும், இருமுறை நடந்தால் என்ன ஆகும், ஒரு மணி நேரம் தாமதமானால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே தேர்வை முடிவு செய்கின்றன. சுருக்கிய படத்துக்குக் கிடைக்கும் விடை வேறு. கட்டண ரசீதுக்குக் கிடைக்கும் விடை வேறு.

பயனர் இவற்றில் எதையும் அறியார். அவர் காண்பது “பெறப்பட்டது” என்னும் ஒரு வரியை மட்டுமே. அதை நம்பித்தான் அவர் திரையை மூடுகிறார். அந்த வரியைக் காட்டுவதற்கு முன் பணிக்குறிப்பு அழியாத இடத்தில் பதிந்துவிட்டதா என்பதே, 1982இன் மின்னஞ்சல் நெறிமுறைக்கு இருந்ததைப் போல, இன்றைய வலைச் செயலிக்கும் உள்ள அடிப்படைக் கேள்வி.